‘சஜெஸ்ட் மீ’ என்று எழுதலாமா?

ஜூன் 2, வந்த கேள்வி

‘ப்ளீஸ் சஜெஸ்ட் மீ எ குட் டிக்‌ஷனரி’ என்று ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அதில் ‘மீ’யை அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால் ‘அப்படி வராது’ என்கிறார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கிவ் மீ வருகிறது, டெல் மீ வருகிறது, ஷோ மீ வருகிறது. சஜெஸ்ட் மட்டும் என்ன பாவம் செய்தது? ‘ஐ சஜெஸ்ட் யூ டு கோ’ என்பதும் தப்பாமே?

ஜூன் 2, இரவு

அடித்தவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார். காரணம் சொல்லாமல் விட்டதுதான் குறை. ஆங்கிலத்தில் எழுதி வரும் அறிக்கைகளைத் திருத்துவதும், அவற்றைத் தமிழில் கொண்டுவருவதும்தான் என் வேலை. இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழாத கையெழுத்துப் பிரதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சஜெஸ்ட் என்ற வினைக்கு அடுத்தபடியாக வர வேண்டியது யோசனை. யோசனையைக் கேட்கும் ஆள் அந்த இடத்தில் வர முடியாது. ஆளைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் ‘டு’ போட்டுப் பின்னால் வைக்கலாம்: ‘ஷி சஜெஸ்டட் எ ப்ளான் டு அஸ்’. உங்கள் கடிதத்துக்கு அதுகூடத் தேவையில்லை. ‘குட் யூ சஜெஸ்ட் எ குட் டிக்‌ஷனரி?’ என்றாலே போதும். கேட்பவர் நீங்கள்தான் என்பது சொல்லாமலே தெரிகிறது.

இரண்டாவதற்கு: சஜெஸ்டுக்குப் பின்னால் ‘டு கோ’ மாதிரி வராது. ‘ஐ சஜெஸ்ட் கோயிங் எர்லி’ என்று ‘இங்’ போட்டு எழுதலாம். அல்லது ‘ஐ சஜெஸ்ட் தட் வி கோ எர்லி’. ‘யூ டு கோ’ என்ற அமைப்புதான் வேண்டும் என்றால் வினையை மாற்றிவிடுங்கள்: ‘ஐ அட்வைஸ் யூ டு கோ’. அட்வைஸ் ஆளைப் பிடித்துக்கொள்ளும். சஜெஸ்ட் பிடிக்காது.

ஜூன் 3

‘அப்படி வராது’ என்பதற்கு மேல் ஒரு பதில் வேண்டும் இல்லையா? நேற்று தூங்கப் போகும் முன் யோசித்தது.

‘எனக்கு ஒரு நல்ல அகராதி சொல்லுங்கள்’ என்று தமிழில் நினைக்கிறோம். அதில் ‘எனக்கு’ முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் மொட்டையாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ‘எனக்கு’க்கு ஓர் இடம் தேடுகிறோம், ‘டெல் மீ’ பழகிய கை ‘சஜெஸ்ட் மீ’ என்று எழுதிவிடுகிறது. அதனால்தான் தமிழர்கள் மட்டும் இல்லை, இந்தி பேசுபவர்கள், ஸ்பானிஷ் பேசுபவர்கள் என்று பலரும் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அவரவர் மொழியில் ‘எனக்கு’ இயல்பாக வருகிறது.

ஆங்கிலத்தின் பக்கம் என்ன நடக்கிறது என்றால், ஆள், பொருள் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளும் வினைகள் பெரும்பாலும் பழைய ஜெர்மானிய வேர் கொண்டவை. கிவ், டெல், ஷோ, செண்ட், டீச், லெண்ட் எல்லாம் அந்தக் கூட்டம். குட்டையானவை, ஓரசைச் சொற்கள். லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த நீளமான வினைகள் பொதுவாக இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ வராது, ‘டிஸ்க்ரைப் மீ தி ஹவுஸ்’ வராது, ‘டொனேட் தெம் மணி’ உறுத்தும். சஜெஸ்ட் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

இது ஒரு போக்கு, இரும்பு விதி இல்லை. ஆஃபர், ப்ராமிஸ் இரண்டும் லத்தீன் வழி வந்தவைதான், ஆனாலும் ‘ஆஃபர் மீ எ ஜாப்’ நன்றாகவே வருகிறது. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அதனால் காதுக்கு அவை உள்ளூர்ச் சொல் மாதிரி ஆகிவிட்டன என்பது மொழியியலார் சொல்லும் ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

ஜூன் 3, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போய்விட்டது. குழப்பத்தின் வேரே இதுதான் என்று நினைக்கிறேன்.

‘ஐ சஜெஸ்ட் யூ ஸீ எ டாக்டர்.’ இது முழுக்கச் சரியான வாக்கியம். ஆங்கிலம் பேசுபவர்கள் நாள் முழுக்கச் சொல்வது. இதைக் கேட்டவர், சஜெஸ்டுக்குப் பின்னால் ‘யூ’ வரும் என்று மனதில் பதித்துக்கொள்கிறார். வந்ததே! அப்புறம் ‘சஜெஸ்ட் யூ டு ஸீ’, ‘சஜெஸ்ட் மீ’ எல்லாம் தானாகப் பிறக்கின்றன.

ஆனால் அந்த ‘யூ’ சஜெஸ்டுக்குச் சொந்தமானது இல்லை. நடுவில் ஒரு ‘தட்’ விழுங்கப்பட்டிருக்கிறது. ‘ஐ சஜெஸ்ட் (தட்) யூ ஸீ எ டாக்டர்.’ ‘யூ ஸீ எ டாக்டர்’ என்பது உள்ளே இருக்கும் தனி வாக்கியம், ‘யூ’ அதன் எழுவாய். சோதித்துப் பார்க்க வேண்டுமா? யூவுக்குப் பதில் படர்க்கை போடுங்கள். ‘ஐ சஜெஸ்ட் ஹீ ஸீ எ டாக்டர்’ என்றுதான் வரும். ‘ஹிம்’ வராது. யூவில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம் என்பதால் அங்கே இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஜூன் 5

‘ஹீ ஸீ’ என்று எழுதியிருக்கிறீர்களே, ‘ஹீ ஸீஸ்’ அல்லவா வர வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் இந்தச் சொல்லை விரும்புவதற்கான காரணத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ‘ஸீ’க்கு ‘எஸ்’ கிடையாது. ‘ஷி சஜெஸ்டட் தட் ஹீ ஸீ எ டாக்டர்’ என்று முதல் வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் இரண்டாவது அசையாது. ‘பி’ வினையாக இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்: ‘தே சஜெஸ்டட் தட் தி மீட்டிங் பி போஸ்ட்போண்ட்’. ‘வாஸ்’ இல்லை, ‘இஸ்’ இல்லை, வெறும் ‘பி’. இன்னும் நடக்காத, நடக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணுகிற செயலுக்கான வடிவம் இது. காலம் ஏறாத வினை. அமெரிக்கர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டிஷ் எழுத்தில் ‘ஷுட்’ சேர்த்து ‘தட் ஹீ ஷுட் ஸீ எ டாக்டர்’ என்பது அதிகம். இரண்டும் சரி.

சுவாரசியம் இனிமேல்தான். இந்த இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்:

ஷி சஜெஸ்டட் தட் ஹீ பி அட் ஹோம்.
ஷி சஜெஸ்டட் தட் ஹீ வாஸ் அட் ஹோம்.

முதலாவதில் அவன் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் யோசனை சொல்கிறாள். இரண்டாவதில் அவன் அப்போது வீட்டில்தான் இருந்தான் என்று பொருள்படும்படி எதையோ சொல்லிவைக்கிறாள். ஒரே சஜெஸ்ட்தான். உள்ளே இருக்கும் வினையில் காலம் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதே பொருளைப் பிரிக்கிறது. இன்சிஸ்டும் இப்படித்தான்: ‘இன்சிஸ்ட் தட் ஹீ பி பெய்ட்’ என்றால் அவனுக்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்று அடம், ‘இன்சிஸ்ட் தட் ஹீ இஸ் பெய்ட்’ என்றால் கொடுக்கிறார்கள் என்று சாதிப்பது.

ஒப்பந்தம், கூட்டக் குறிப்பு மாதிரியான தாள்களைத் திருத்தும்போது இந்த ஒற்றை வினையை நான் விரல் வைத்துப் பார்ப்பேன். ‘கமிட்டி சஜெஸ்டட் தட் தி அக்கவுண்ட் வாஸ் க்ளோஸ்ட்’ என்று எழுதிவிட்டால், கணக்கை மூடச் சொன்னார்களா, ஏற்கெனவே மூடிவிட்டது என்றார்களா? எழுதியவர் பக்கத்தில் இல்லாத நாளில் இதற்கு யார் பதில் சொல்வது?

ஜூன் 6

இரண்டாவது பொருளைத் தொட்டுவிட்டேன், அதைப் பற்றி எழுதாமல் நகர முடியாது. என் வேலையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

‘தி ரிசல்ட்ஸ் சஜெஸ்ட் தட்...’ என்று ஆய்வறிக்கை சொல்லும். இங்கே யாரும் யோசனை சொல்லவில்லை. கிடைத்த தரவு ஒரு பக்கமாகச் சாய்கிறது, முடிவு அப்படி இருக்கலாம் என்று எண்ண இடம் தருகிறது, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் இந்த வினையை அளந்து போடுகிறார்கள். ப்ரூவ் என்றால் நிறுவிவிட்டது. டெமன்ஸ்ட்ரேட், ஷோ எல்லாம் அதற்கு ஒரு படி கீழே. இண்டிகேட் இன்னும் கொஞ்சம் இறங்கி. சஜெஸ்ட் கிட்டத்தட்ட கடைசிப் படி. எழுதியவரே ‘இதை வைத்து வீடு கட்டாதீர்கள்’ என்று எச்சரிக்கிற சொல் அது.

அது செய்திக்கு வரும்போது என்ன ஆகிறது? ‘ஆய்வில் நிரூபணம்’. ‘விஞ்ஞானிகள் உறுதி’. சஜெஸ்ட் என்ற சொல்லோடு போன தயக்கம் முழுவதும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நடக்கிறவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று ஓர் ஆய்வில் தெரிந்தால், நடையால் தூக்கம் வந்திருக்கலாம். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு நடக்கத் தெம்பு இருந்திருக்கலாம். இரண்டுக்கும் மூன்றாவதாக ஒரு காரணம் இருந்திருக்கலாம். இந்த மூன்று கதவுகளையும் திறந்து வைப்பதற்காகத்தான் அவர்கள் சஜெஸ்ட் என்று எழுதினார்கள். ‘நடந்தால் தூக்கம் நிச்சயம்’ என்று தலைப்புப் போடும்போது இரண்டு கதவுகளைச் சாத்திவிடுகிறோம். நடையில் போனால் பரவாயில்லை. மருந்து விஷயத்தில் இதே வேலையைச் செய்தால், படிக்கிறவர் தன் உடம்பில் செய்து பார்த்துவிடுவார்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘என்று கருத இடமிருக்கிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘கோடி காட்டுகிறது’, ‘என்பதற்கான அறிகுறி தென்படுகிறது’ என்று வேண்டிய அளவு இருக்கின்றன. நான் அதிகம் எடுப்பது முதலாவது. கொஞ்சம் நீளம்தான். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 6, இரவு

‘டேட்டா சஜெஸ்ட்’டா, ‘டேட்டா சஜெஸ்ட்ஸ்’ஸா என்று கேட்டவருக்கு: அறிவியல் இதழ்கள் பலவற்றில் டேட்டா பன்மை, அதனால் ‘சஜெஸ்ட்’. பொதுவான எழுத்தில் இரண்டும் நடக்கிறது. ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஜூன் 8

வேரைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே. ‘கெரெரெ’ என்றால் சுமப்பது, கொண்டுவருவது. இரண்டும் சேர்ந்து ‘சுக்கெரெரெ’: கீழிருந்து கொண்டுவந்து வைப்பது. கீழே நின்று மேலே நீட்டுவது என்றும் சொல்லலாம். டைஜஸ்ட், கன்ஜெஷன், ஜெஸ்சர் எல்லாம் அதே ‘கெரெரெ’யின் பிள்ளைகள்.

சஜெஷன் என்ற பெயர்ச்சொல்தான் ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது, சஜெஸ்ட் என்ற வினை பின்னால் 16ஆம் நூற்றாண்டில். பெயர்ச்சொல் வந்தபோது அதற்கு நல்ல பெயர் இல்லை. தீய எண்ணத்தை மனதுக்குள் போடுவது, சாத்தான் காதில் ஓதுவது என்ற பொருளில் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத், சூனியக்காரிகளின் வாழ்த்தைக் கேட்ட கையோடு, தலைமயிரைக் குத்திட வைக்கும் இந்த ‘சஜெஷ’னுக்கு நான் ஏன் இணங்குகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அரசனைக் கொல்லும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. எண்ணம் உள்ளே விழுந்துவிட்டது. அந்தப் பழைய நிழல் இன்றும் முழுதாகப் போகவில்லை. ‘ஆர் யூ சஜெஸ்டிங் தட் ஐ லைட்?’ என்று ஒருவர் கேட்டால், ‘நான் பொய் சொன்னேன் என்கிறாயா?’ என்று பொருள். அந்த இடத்தில் அது சண்டைச் சொல்.

ஜூன் 9

நிழல் என்றதும் இரண்டு விஷயம் நினைவுக்கு வந்தது. தலைப்பிலிருந்து விலகல்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஹிப்னாட்டிசம் என்ற பெயரைப் பரப்பினார். பின்னால் பிரான்சின் நான்சி நகரில் ஹிப்போலிட் பெர்ன்ஹைம் என்ற மருத்துவர், இதில் காந்த சக்தி எதுவும் இல்லை, எல்லாம் சஜெஷன்தான் என்று வாதிட்டார். அங்கிருந்து அந்தச் சொல் உளவியலுக்குள் நுழைந்தது. எமில் குவே (1857–1926) என்ற பிரெஞ்சு மருந்தாளர் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் முறையாக மாற்றினார். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தேறி வருகிறேன் என்று தினமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். ஆட்டோசஜெஷன்.

இன்னொன்று நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது. 1974இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார்கள் மோதும் படக்காட்சியைச் சிலருக்குக் காட்டினார்கள். பிறகு கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்டபோது சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றார்கள். ‘காண்டாக்டட்’ என்று கேட்டபோது சுமார் 32. பார்த்தது ஒரே காட்சி.

அடுத்து இன்னொரு சோதனை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘ஹிட்’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். யாரும் அவர்களிடம் கண்ணாடி உடைந்தது என்று சொல்லவில்லை. கேள்வியின் வினையே கண்ணாடியை உடைத்துவிட்டது. சஜெஸ்டின் இரண்டு பொருளும் இங்கே ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள்: வெளிப்படச் சொல்லாமல் உணர்த்தியது, உள்ளே ஓர் எண்ணமாக விழுந்து நினைவாகவே மாறிவிட்டது.

ஜூன் 10

நீதிமன்றத்தை விட்டுவிட்டீர்களே என்று ஒரு வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். உண்மை, அங்கே இந்தச் சொல்லுக்குத் தனி வாழ்க்கை.

ஆங்கிலேயச் சட்டமுறையைப் பின்பற்றும் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணையின்போது ‘ஐ சஜெஸ்ட் டு யூ தட் யூ வேர் நாட் தேர்’ என்று வழக்கறிஞர் சாட்சியிடம் கேட்பார். ‘ஐ புட் இட் டு யூ’ என்றாலும் அதே. யோசனையும் இல்லை, குறிப்பும் இல்லை. எங்கள் தரப்புக் கதை இது, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று முகத்துக்கு நேராக வைப்பது. சாட்சி சொன்னது பொய் என்று பிறகு வாதாடப் போகிறவர், அதை முதலில் சாட்சியிடமே வைத்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது நியாயம். அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1893இல் பிரவுன் எதிர் டன் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. வழக்கறிஞர் கேட்டது சாட்சியம் ஆகாது, சாட்சி சொல்லும் பதில்தான் சாட்சியம்.

தமிழ் வாக்குமூலங்களைப் படித்தவர்களுக்கு ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ என்ற வரி பழக்கமாக இருக்கும். முதல்முறை படிப்பவர் திகைத்துப்போவார்: யார் சொன்னார்கள், யார் சரியல்ல என்கிறார்? கேள்வியைத் தனியாக எழுதாமல் பதிலுக்குள்ளேயே மடித்துவைக்கும் வழக்கம் அது. ‘நீ அங்கே இல்லை’ என்பது வழக்கறிஞரின் சஜெஷன், ‘சரியல்ல’ என்பது சாட்சியின் பதில். ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல். எவ்வளவு கச்சிதம்!

ஜூன் 12

‘எங்கள் மேலாளர் எதைச் சொன்னாலும் ஜஸ்ட் எ சஜெஷன் என்றுதான் முடிப்பார். செய்யாமல் விட்டால் மறுவாரம் ஏன் செய்யவில்லை என்பார். இதில் சஜெஸ்ட் எங்கே இருக்கிறது?’ என்று ஒரு கேள்வி.

எங்கேயும் இல்லை. நானும் அப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘சஜெஸ்ட்: ரீரைட்’ என்று மென்மையாக எழுதிவைப்பார். திருத்தாமல் திருப்பி அனுப்பினால் முகம் மாறிவிடும். கட்டளைக்கு யோசனையின் சட்டையை மாட்டிவிடுவது இது. கட்டளை என்றால் கட்டளை என்றே சொல்லிவிட்டால் கீழே இருப்பவருக்கு நிம்மதி. செய்துவிட்டுப் போகலாம், அல்லது முடியாது என்று சொல்லலாம். யோசனை என்ற பெயரில் வரும்போது மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் கணக்கு ஆகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்தவரை சஜெஸ்டுக்கு ஒரே ஓர் உரைகல்தான். வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் ஆகக் கூடாது. முடிவு கேட்பவர் கையில் இருக்க வேண்டும். இந்தச் சொல்லின் இலக்கணமும் அதற்கு ஏற்றபடியே அமைந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அட்வைஸ் ‘யூ’வைப் பிடித்துக்கொள்கிறது, அர்ஜ் ‘யூ’வைப் பிடித்துத் தள்ளுகிறது. சஜெஸ்ட் ஆளைத் தொடுவதில்லை. யோசனையை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறது. ஆய்வறிக்கையில் வரும்போதும் அதே கதைதான்: தரவை முன்னால் வைத்துவிட்டு, முடிவைப் படிப்பவரிடம் விடுகிறது. இலக்கணம் இப்படி அமைந்ததற்குக் காரணம் அடக்கம் என்று சொல்ல வரவில்லை. காரணம் மேலே ஜூன் 3இல் எழுதிய வேர் விவகாரம்தான். ஆனாலும் இந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

திருத்தும் வேலை இப்போது கணினியில் நடப்பதால் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. சஜெஸ்டிங் முறையில் வைத்துத் திருத்தினால், என் சொல் வேறு நிறத்தில் நிற்கும். எழுதியவரின் சொல் மேலே ஒரு கோட்டோடு அப்படியே இருக்கும். பக்கத்தில் ஏற்க ஒரு குறி, தள்ள ஒரு குறி. அவர் தள்ளினால் என் சொல் தடமில்லாமல் மறைந்து, அவருடையது பழையபடி நிற்கும். நேரடியாகத் திருத்தும் அனுமதி இருந்தாலும் பிறர் எழுத்தை நான் இந்த முறையில் மட்டும்தான் தொடுகிறேன்.

ஜூன் 13

நேற்றையதன் தொடர்ச்சி. ப்ரபோஸ், ரெகமண்ட், சஜெஸ்ட் மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுகிறார்கள்.

ப்ரபோஸ் முறையானது. கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், வாக்கெடுப்பு நடக்கும். பெயர் பதிவாகும். கல்யாணத்துக்குக் கேட்பதும் ப்ரபோஸ்தான். அங்கே போய் சஜெஸ்ட் என்றால், இன்னும் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை என்று பொருளாகிவிடும். ‘ஐ ப்ரபோஸ் டு லீவ்’ என்றால் கிளம்புவதாக உத்தேசம். சஜெஸ்டுக்கு அந்த அமைப்பே இல்லை.

ரெகமண்ட் என்றால் நான் இதற்குப் பொறுப்பு, பார்த்திருக்கிறேன், நல்லது என்கிறேன் என்று பொருள். தமிழில் ‘பரிந்துரை’ இதற்குத்தான் கச்சிதம். பரிந்து உரைப்பது, ஒன்றின் சார்பாகப் பேசுவது. சஜெஸ்டுக்கும் பரிந்துரை என்றே போட்டு வருகிறோம். வலைத்தளங்களில் எல்லாம் அப்படித்தான். நான் கூடியவரை சஜெஸ்டுக்கு ‘யோசனை’ வைத்துக்கொள்கிறேன். மருத்துவர் எழுதித் தருவதும் பரிந்துரை, பக்கத்தில் இருப்பவர் ‘இதைக் குடித்துப் பாருங்களேன்’ என்பதும் பரிந்துரை என்றால், எதை நம்பி எதைச் செய்வது?

ஜூன் 14

‘குடித்துப் பாருங்களேன்’ என்று எழுதியதும்தான் கவனித்தேன். தமிழில் நாம் யோசனை சொல்ல அதற்கென்று ஒரு வினையைத் தேடுவதே இல்லை. வினையின் வாலிலேயே எல்லாம் இருக்கிறது. போகலாம், போகலாமே, போகலாமா, போனால் என்ன, போய்ப் பாருங்களேன், போவது நல்லது, போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. ‘போகலாமே’யில் கொஞ்சம் ஆசை தெரிகிறது. ‘போனால் என்ன’ சவால் மாதிரியும் இருக்கும். ‘போயிருக்கலாம்’ என்பது காலம் கடந்த யோசனை, அதைக் கேட்டால் கோபம்தான் வரும்.

அதனால் ‘ஐ சஜெஸ்ட் தட் யூ ரெஸ்ட்’ என்பதை ‘நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று நான் பரிந்துரைக்கிறேன்’ என்று மொழிபெயர்ப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ‘கொஞ்சம் ஓய்வெடுங்களேன்’ போதும். அந்த ஏகாரத்தில் முழு சஜெஸ்டும் இருக்கிறது.

இரண்டாவது பொருளுக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு: குறிப்பு. குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது, பொருட்பாலில் 71ஆவது அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆவது. ஒன்று சொல்லாமலே பிறர் மனத்தை அறிவது, மற்றது காதலியின் பார்வையைப் படிப்பது. வடமொழியில் 9ஆம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர், கவிதையின் உயிர் இந்தக் குறிப்புப் பொருள்தான் என்று வாதிட்டார். தொனி என்ற அந்தக் கொள்கையை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தேர்ந்தெடுத்த சொல் சஜெஷன். அலுவலகக் கடிதத்திலும் கவிதையின் உயிரிலும் ஒரே சொல் வேலை பார்க்கிறது.

ஜூன் 15

சிறு எச்சரிக்கை. நல்ல யோசனை சொன்னவருக்கு நன்றி எழுதும்போது ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் சஜெஸ்டிவ் காமெண்ட்ஸ்’ என்று எழுத வேண்டாம். சஜெஸ்டிவ் என்பதற்கு ஆபாசமாகக் குறிப்புக் காட்டும் என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். அறிக்கையில் ‘சஜெஸ்டிவ் ஆஃப்’ என்று, ஒன்றின் அறிகுறியாக என்ற பொருளில், தாராளமாக எழுதலாம். மருத்துவ அறிக்கைகளில் பார்க்கலாம். ‘சஜெஸ்டிவ் ஆஃப் இன்ஃபெக்‌ஷன்’ என்றிருந்தால் தொற்று உறுதி என்று நினைத்துக் கலங்க வேண்டாம். அடையாளங்கள் அந்தப் பக்கம் காட்டுகின்றன, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள்.

உச்சரிப்பு கேட்டவருக்கு: பிரிட்டிஷார் ‘சஜெஸ்ட்’ என்பார்கள். அமெரிக்கர்கள் பலர் நடுவில் ஒரு ‘க்’ வைத்து ‘சக்ஜெஸ்ட்’ என்பார்கள். எதுவும் தப்பில்லை.

ஜூன் 17

தேடுபெட்டியில் இரண்டு எழுத்து அடித்தால் மீதியை அதுவே நீட்டுகிறதே, அதற்கும் சஜெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறார்கள். கூகுள் 2004 டிசம்பரில் அதைச் சோதனையாக வெளியிட்டபோது பெயரே ‘கூகுள் சஜெஸ்ட்’தான். மேலே சொன்ன உரைகல்லில் உரசினால் தேறுகிறது: வேண்டாம் என்றால் நாம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எழுதும்போது அது எனக்கு ஆகவில்லை. பாதிச் சொல்லில் இருக்கும்போதே அடுத்த சொல் வந்து நின்றால், நான் எழுத நினைத்த சொல் எது என்பதே கலைந்துபோகிறது. எழுதும் செயலியில் அதை அணைத்து வைத்திருக்கிறேன். தேடும்போது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18

ஒரு வடிவம் யாரும் கேட்கவில்லை, எனக்குப் பிடித்தது என்பதால் சேர்க்கிறேன். ‘நோ சொல்யூஷன் சஜெஸ்டட் இட்செல்ஃப்.’ ஆங்கில எழுத்தில் நிறைய வரும். ‘எந்தத் தீர்வும் தன்னைத் தானே பரிந்துரைக்கவில்லை’ என்று இதைத் தமிழ்ப்படுத்தியிருந்த ஒரு பிரதி என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் இளையவர், கவனமான உழைப்பாளி. சொல்லுக்குச் சொல் நேர்மையாக இருந்திருக்கிறார். ஓரத்தில் ‘வழி எதுவும் தோன்றவில்லை’ என்று எழுதி, யோசனையாகவே வைத்துவிட்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு, ‘வழி’யை மட்டும் ‘மாற்றுவழி’ என்று மாற்றியிருந்தார். முன்பின் வரிகளோடு படித்தால் அவருடையதுதான் பொருத்தம். அப்படியே அச்சுக்குப் போயிற்று.